நாற்பத்தொன்பதாம் நாள்



குடமுழுக்குப் பெருவிழா இனிதே நிறைவேறிற்று. யாகசாலைத் தீ அமர்ந்தது. கும்பங்களின் நீர் விமானத்து உச்சியிலே சொரியப்பெற்றது. கூடியிருந்தோர் தலைமேலும் தெளிக்கப்பெற்றது. இனி 48 நாள் மண்டலாபிஷேகம் நடைபெறும். அந்நாள்களில் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உபயகாரர் உண்டு. பூவுக்கும் பாலுக்கும் குறைவில்லை. பணி செய்வாருடைய உள்ளக் கிளர்ச்சிக்கும் குறைவில்லை. ஆனால், நாற்பத்தொன்பதாம் நாள் வைகறையில் என்ன நிகழும்?

அன்று பந்தல் இராது. இரண்டு குழுவாக நின்று முழங்கிய நாகசுரம் இராது. திருக்கதவம் திறப்பவர் ஒருவர், திருமஞ்சன நீர் சுமப்பவர் ஒருவர், விளக்கிடுபவர் ஒருவர், மடைப்பள்ளியில் அடுப்பு மூட்டுபவர் ஒருவர், கணக்கர் ஒருவர். இவர்களே அன்று கோயில். விழா நாளில் ஊரே பணி செய்தது. நாற்பத்தொன்பதாம் நாளிலோ பழகிப்போன பணியைப் பார்ப்பாரற்ற பொழுதில் ஒருவர் தனித்துச் செய்தல் வேண்டும். அப்பணியில் ஒழுங்கு பிறழாமலும் கருத்துச் சிதறாமலும் நிற்பது எவ்வாறு என்பதே இச்சொற்பொழிவின் பொருள். இக்கேள்வி கோயிலுக்கு மட்டும் உரியதன்று. பாடஞ் சொல்லும் ஆசிரியருக்கும், கோப்பு நோக்கும் எழுத்தருக்கும், பேரேடு எழுதும் வணிகருக்கும், தறியில் அமரும் நெசவாளருக்கும் அஃது ஒன்றே.

இதற்கு வழக்கமாகக் கூறப்படும் விடை, மனத்தை அடக்குக என்பதாகும். மனம் குரங்கு என்பார். அதைக் கட்டுக என்பார். இவ்விடை பொய்யன்று, ஆயினும் பெரும்பாலும் குற்றமற்ற ஒன்றன்மேல் குற்றஞ் சாட்டுகிறது. சாய்வு மேசையின் முன் அமர்ந்திருக்கும் ஒரு கோயிற் கணக்கரை எண்ணிப் பார்க்கலாம். நேற்றைய வரவைக் கூட்டத் தொடங்குகிறார். எண்ணெய் வாங்கிய சீட்டைக் காணவில்லை. அதைத் தேடும்போது, உக்கிராண அறையின் சாவி ஆணியில் இல்லாமை கண்ணிற் படுகிறது. யார் எடுத்தார்? கேட்கலாம் என்று எழுகையில் பரிசாரகர் வந்து, இன்றைக்கு அரிசி எவ்வளவு போடுவது என்று வினவுகிறார். அதற்கு விடை கூறிவிட்டு அமர்ந்தால், விட்ட இடம் நினைவில் இல்லை. மீண்டும் தலையிலிருந்து கூட்டுகிறார். இரண்டாம் முறை வந்த தொகை முதல்முறை வந்ததோடு ஒட்டவில்லை. மூன்றாம் முறை கூட்டும்போது, மாலையில் தர்மகர்த்தர் கேட்டால் என்ன சொல்வது என்னும் அச்சம் உள்ளே புகுந்துகொள்கிறது. இவர் மனம் குரங்கா? தேடல் ஒன்று, ஐயம் ஒன்று, அச்சம் ஒன்று. இம்மூன்றும் அவர் கருத்தைப் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சிய சிறு பகுதியைக் கொண்டு அவர் கூட்டல் போட்டார். அவ்வளவே.

ஆகவே, கருத்தூன்றல் வேண்டுவோர் முதலில் மனத்தைத் திருத்தப் புகாமல், மனத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் அம்மூன்றையும் பணிக்களத்திலிருந்து அகற்றுதல் தக்கது. இதைத் தமிழ்நாடு ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே செய்து பார்த்திருக்கிறது. செய்த வகை கல்லிலே வெட்டப்பட்டும் இருக்கிறது.

கி.பி. 985 முதல் 1014 வரை அரசாண்ட முதலாம் இராசராச சோழன் தஞ்சையிலே இராசராசேச்சரம் எடுப்பித்தான். தன் ஆட்சியின் 25-ஆம் ஆண்டு 275-ஆம் நாளில், விமானத்துச் செப்புத் தூபித்தறியின்மேல் வைக்கச் செப்புக்குடம் ஒன்றை அளித்தான். ஆண்டு 1010. குடத்தின் எடை 3,083 பலம். அதன்மேல் போர்த்த பொற்றகட்டின் எடை 2,926½ கழஞ்சு. இன்று குடமுழுக்குக் காணும் எவ்வூராரும் அந்நாளின் மகிழ்ச்சியை உணரவல்லார். ஆனால், கருதத்தக்கது அதற்குப் பின் நிகழ்ந்தது. ஏறத்தாழ மூன்றரைத் திங்கள் கழிந்து, 26-ஆம் ஆண்டு 20-ஆம் நாளில், அரண்மனையின் கீழைத் திருமஞ்சன சாலையில் இருந்த மன்னன் வாய்மொழியாக ஓர் ஆணை பிறப்பித்தான். தான் கொடுத்தவை, தன் தமக்கையார் குந்தவையார் கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை, பிறர் கொடுத்தவை ஆகிய அனைத்தையும் ஸ்ரீவிமானத்திலே கல்லில் வெட்டுக என்பது அவ்வாணை. விழா முடிந்தது; கூட்டம் கலைந்தது; மன்னன் கணக்கெழுத அமர்ந்தான். அவனுடைய நாற்பத்தொன்பதாம் நாள் அது என்று கூறலாம்.

அக்கணக்கு எத்தகையது? பொன் இவ்வளவு, முத்து இவ்வளவு என்று பொதுப்பட எழுதிய பட்டியல் அன்று. பொன்னை நிறுக்கும் கல் ஒன்று. அதற்கு ஆடவல்லான் என்று பெயர். அணிகலன்களை நிறுக்கும் கல் மற்றொன்று. அதற்குத் தட்சிணமேருவிடங்கன் என்று பெயர். நெல்லளக்கும் மரக்காலுக்கும் ஆடவல்லான் என்பதே பெயர். கூத்தப்பிரானின் திருப்பெயரை மரக்காலுக்குச் சூட்டிய அவ்வுள்ளம் போற்றற்குரியது. அளவை குறைப்பவன் யார் பெயரைக் குறைக்கிறான் என்பதை மறக்க இயலாதன்றோ! அன்பு ஒருபுறமிருக்க, பணியின் நோக்கில் அதன் பயன் வேறு. நெல் கொண்டுவருபவனும் வாங்குபவனும் ஒரே மரக்காலை அறிவர். எந்த அளவையால் என்னும் வழக்கு அங்கே எழாது. எழாத வழக்குக்குச் செலவாகும் பொழுதும் இல்லை.

முத்துகளின் பட்டியலைச் சற்று நின்று காணுதல் வேண்டும். வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று முத்தின் வகை ஒவ்வொன்றும் பெயர் சுட்டப்படுகிறது. உருண்டு திரண்ட நன்முத்து மட்டும் எழுதப்படவில்லை; கரடுபட்டதும் இரண்டு ஒட்டிப் பிறந்ததும் உள்ளவாறே எழுதப்பட்டன. கோத்த நூலும் பதித்த அரக்கும் சேர்ந்த எடையா, நீங்கிய எடையா என்பதையும் கணக்கர் விட்டாரல்லர். அரசன் கொடுத்த அணியில் குறைமுத்து இருந்தது என்று கல்லில் வெட்டுவது அரசனுக்கு இழிவன்றோ என்று ஒருவர் கருதலாம். பண்டாரம் காப்பவர் அவ்வாறு கருதார். ஐந்தாண்டு கழித்துப் புதிய பண்டாரி பொறுப்பேற்கும்போது, கரடுபட்ட முத்தொன்றைக் கையிலெடுத்து, நல்முத்தை மாற்றி இதை வைத்தவர் யார் என்று கேட்பாராயின், பழைய பண்டாரி சுவரைச் சுட்டிக் காட்டலாம். நேர்மையாளனுக்கு அச்சம் வேண்டாவென்று வாயாற் கூறுவது எளிது. அவன் அஞ்ச வேண்டாதபடி கணக்கை அமைத்துக் கொடுப்பது அரிது. தஞ்சைக் கல்வெட்டு அவ்வரிய செயலைச் செய்தது. அஞ்சாத கை நடுங்குவதில்லை; நடுங்காத கையே நகையை இறைவன் திருமேனியில் கருத்தோடு சாத்தும்.

இனி விளக்கைக் காண்க. அணையா விளக்கு என்பது ஒரு பெரிய சொல். இரவும் பகலும், மழையிலும் கோடையிலும், ஆண்டு தோறும் எரியவேண்டும். இத்துணைப் பெரிய கடமையை ஒருவன் தலையில் மொத்தமாக வைத்தால் அவன் திகைத்துப்போவான். கல்வெட்டு அதை எவ்வாறு சிறிதாக்கியது? ஒரு விளக்குக்கு ஆடு 96, பசுவாயின் 48, எருமையாயின் 16. அவற்றைப் பெற்ற இடையன் நாள்தோறும் அளக்கவேண்டிய நெய் ஓர் உழக்கு. உழக்கு என்பது நாழியில் காற்பங்கு. அணையா விளக்கு என்னும் முடிவற்ற பொறுப்பு, இன்றைக்கு ஓர் உழக்கு நெய் என்று சுருங்கிவிட்டது. இடையன் ஆயுள் முழுதையும் எண்ணிக் கலங்க வேண்டுவதில்லை. இன்றைய உழக்கை அளந்தால் இன்றைய கடன் தீர்ந்தது. ஆடுகள் இறக்குமே எனின், அதற்கும் வழி கண்டனர். இறப்பன இறக்கப் பிறப்பன பிறந்து தொகை குறையாது நிற்பதால் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் வழங்கும்.

பிள்ளையாருக்கு வாழைப்பழம் படைக்க வகுத்த கணக்கும் இத்தகையதே. நாள் ஒன்றுக்குப் பழம் 150. ஆண்டுக்கு 360 நாள் எனக் கொண்டால் 54,000 பழம். காசு ஒன்றுக்கு 1,200 பழமாக, அதற்கு 45 காசு வேண்டும். காசுக்கு அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு, ஆண்டு வட்டி. ஆகவே 360 காசை நகரத்து அங்காடி வணிகரிடம் முதலாக வைத்தான் மன்னன். முதலை எவரும் தொடுவதில்லை. வட்டி பழமாக வந்துகொண்டிருக்கும். நாள்தோறும் பழத்துக்கு எங்கே போவது என்று கவலையுறும் வேலை பூசை செய்பவருக்கு இல்லை. திருமஞ்சன நீரில் இடும் ஏலவரிசி, சண்பகமொட்டு, இலாமிச்சம் வேர் ஆகியவற்றுக்கும் முதல் வைக்கப்பட்டது என்பதை மட்டும் கூறி மேலே செல்லலாம்.

பொருளுக்கு வகுத்த ஒழுங்கைவிட ஆட்களுக்கு வகுத்த ஒழுங்கு பெரிது. 29-ஆம் ஆண்டுக் கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பட்டியலிடுகிறது. ஒவ்வொருவருக்கும் பங்கு ஒன்று, பங்குக்கு ஆண்டொன்றில் நெல் 100 கலம், குடியிருக்க வீடு. எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, அதில் எத்தனையாவது வீடு, முன்பு எந்த ஊரின் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்பது வரை எழுதப்பட்டது. தெற்குத் தளிச்சேரித் தென்சிறகில் தலைவீடு திருவையாற்று உலோகமாதேவீச்சரத்துச் சேரமங்கை என்பாருக்கு. அவ்வரிசையில் எடுத்தபாதம் என்றொரு பெயரும் வருகிறது. ஆடும் மகளுக்குத் தில்லைக்கூத்தன் தூக்கிய திருவடியையே பெயராக வைத்த பெற்றோர் எவரோ! அவர்களையடுத்து நட்டுவம் செய்வார், பாடுவார், வங்கியம் ஊதுவார், கணக்கர், குடை பிடிப்பார், நீர் தெளிப்பார், விளக்கிடுவார், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், கன்னார், தச்சர் என்று வரிசை நீளுகிறது. இவ்வரிசையிலேதான் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனும் நிற்கிறான். வான்முட்டும் விமானத்தோடு தொடர்புற்ற அப்பெயருக்குத் தனிப் பக்கம் இல்லை. தையற்காரனுக்குரிய வாய்பாடே அவனுக்கும்.

அக்கல்வெட்டில் ஒரு விதி உள்ளது. பங்கு பெற்ற ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ, அவருக்கு அடுத்த உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்யலாம். அவ்வுறவினர் தகுதியற்றவராயின், தகுதியுடைய ஒருவரைத் தேர்ந்து பணி செய்விக்கலாம். உறவினரே இல்லையாயின், அத்தொழில் செய்யும் மற்றையோர் கூடித் தக்காரைத் தேர்ந்துகொள்ளலாம். திருப்பதியம் பாட ஏற்பட்ட 48 பிடாரருக்கும், அவர்களுக்கு உடுக்கையும் மத்தளமும் வாசித்த இருவருக்கும், நாளொன்றுக்கு முக்குறுணி நெல்லோடு இதே போன்ற விதி வகுக்கப்பட்டது. ஒருவர் வராவிட்டால் என்ன செய்வது என்னும் வினாவுக்கு, வந்திருக்கும்போதே விடை எழுதிவைத்தனர். இன்று எத்தனையோ பணிக்களங்களில் ஒருவர் காய்ச்சலாய்ப் படுத்தால் அவர் மேசை முழுவதும் அவரோடு படுத்துவிடுகிறது! சாவி எங்கே, எவ்விடத்தில் நிறுத்தினார், யாருக்கு எதை வாக்களித்தார் என்பது அவர் ஒருவர் தலையிலேயே இருக்கிறது. அதனால் படுத்தவருக்கும் ஓய்வில்லை. இருப்பவருக்கும் வேலை ஓடுவதில்லை.

இங்கு ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. அந்நானூறு மகளிரும் திருவாரூர், நாகப்பட்டினம் முதலிய பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொணரப்பட்டவர்கள். வீட்டின் வரிசையை எழுதிய கல், அவர்கள் விரும்பி வந்தனரா என்று எழுதவில்லை. ஆட்களை எண்ணும் ஒழுங்கு, ஆட்களைக் கேட்கும் ஒழுங்காகவும் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. பிறருடைய பணியை வகுப்போர், பெருமன்னர் ஆயினும் சிறு கடை முதலாளி ஆயினும், இவ்விடத்தில் கூச வேண்டும். அடுத்தவர் தோளில் சுமையை ஏற்றித் தம் மேசையைத் துப்புரவாக்கிக்கொள்வதும் பார்வைக்கு ஒழுங்காகவே தோன்றும்.

இத்தனை பணிகளையும் மேற்பார்த்தவன் யார்? கோயிலில் ஸ்ரீகாரியம் செய்தவன் பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான். ஸ்ரீகாரியம் என்பது கோயில் நிருவாகம். இந்நாள் வழக்கில் நிருவாக அதிகாரி என்னலாம். பொன்னும் நெல்லும் ஆடும் ஆளும் ஆகிய எல்லாக் கணக்கும் சூழ்ந்த பணி. அத்தகையவன் கோப்புகளுக்குள் புதைந்துபோவான் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால், அவன் நம்பியாரூரர், பரவையார், திருநாவுக்கரசர், திருஞானசம்பந்தர், சிறுத்தொண்டர் முதலிய அடியார்களின் செப்புத் திருமேனிகளைத் தானே எடுப்பித்து எழுந்தருளுவித்தான். ஒவ்வொரு திருமேனியின் உயரமும் கோயில் முழக்கோலால் முழமும் விரலுமாக அளந்து எழுதப்பட்டது. கணக்கெழுதிய கையே அடியார் திருவுருவையும் சமைப்பித்தது என்பது எண்ணி மகிழத்தக்கது. அவனுடைய நாளில் அதற்கு இடம் இருந்தது. தேடியும் ஐயுற்றும் அஞ்சியும் கழியாத பொழுது அவனிடம் மிச்சமிருந்தது போலும்.

பெருமன்னனின் பொருள்வளமும் ஆள்வளமும் இல்லாதவர் என் செய்வர் என்று ஒரு வினா எழலாம். அதற்குப் பூசலார் நாயனார் விடையாக நிற்கிறார். சென்னைக்கு அணித்தான திருநின்றவூரில் வாழ்ந்த அவரிடம் ஒரு காசும் இல்லை. இறைவனுக்குக் கோயில் எடுக்க விரும்பிப் பொருள் தேடினார், கிடைக்கவில்லை. பின்னர் உள்ளத்திலேயே கோயில் எடுக்கத் துணிந்தார். இவ்வரலாறு அறியாதார் இலர். ஆயினும், சேக்கிழார் பெருமான் அதைக் கூறும் முறையைப் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். மனத்தால் ஒரு கோயிலை நினைத்தார் என்று கூறி அவர் முடிக்கவில்லை. பூசலார் முதலில் பொருள் சேர்த்தார், தச்சரைச் சேர்த்தார், கருவிகளைச் சேர்த்தார், நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டார், அளவுப்படி தளந்தளமாக எழுப்பினார், தூபி நட்டார், சுதை பூசினார், கிணறு தோண்டினார், மதில் எடுத்தார், குளம் அமைத்தார், அதன்பின் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். யாவும் மனத்தில்! மனக்கோயிலில் தூபியை முதலில் நட்டு அடிநிலையைப் பின்னர் இட்டால் தடுப்பார் யார்? ஆயினும் அவர் வரிசை தவறவில்லை. இரவிலும் கண் துயிலாமல் செய்தார்.

இங்கேதான் கருத்தூன்றல் என்பதன் இயல்பு வெளிப்படுகிறது. கோயில் என்னும் முழுப்பொருளை நாள்முழுதும் நினைத்துக்கொண்டிருக்க எவராலும் ஆகாது. அது நினைவு அன்று; ஏக்கம். இன்று வைக்கும் இக்கல், இதற்கு மேல் அக்கல் என்று வரும்போதுதான் மனம் பற்றிக்கொள்ள ஒரு பிடி கிடைக்கிறது. பூசலாரின் மனம் சிதறாமைக்கு அன்பு முதற்காரணம், அதில் ஐயமில்லை. அவ்வன்பு நாளுக்கொரு வேலையாக இறங்கி வந்தது துணைக்காரணம். காஞ்சியிலே கற்றளி எடுத்துக் குடமுழுக்குக்கு அதே நாளைக் குறித்திருந்த காடவர்கோன் கனவில் இறைவன் தோன்றி, நின்றவூர்ப் பூசல் எடுத்த கோயிலுக்கு நாளை செல்கின்றோம், நீ நாளை மாற்றுக என்று பணித்தான் அல்லனோ! அரசன் ஓடிவந்து, பூசல் எடுத்த கோயில் எங்கே என்று வினவியபோது, அப்படி ஒரு கோயில் இங்கு இல்லை என்றே ஊரார் விடையிறுத்தனர். அருகிருந்தோரும் அறியாமல் அத்துணைப் பெரும்பணி முடிந்திருந்தது.

மேலைநாட்டு உளநூலாரும் இதன் அருகே வந்துள்ளனர். 1927-இல் பெர்லினில் ஆராய்ந்த புளூமா சைகார்னிக் என்னும் அம்மையார், முடித்த வேலையைவிட முடியாத வேலையே நினைவில் மிகுதியாக நிற்கிறது என்று வெளியிட்டார். பின்னர் செய்த சோதனைகள் பல அம்முடிவுக்கு இசையவில்லை. ஆயினும் 2011-இல் மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு கருதத்தக்கது. முடியாத வேலை ஒன்று உள்ளத்தில் உறுத்தும்போது மற்றொரு வேலையில் கருத்துத் தடுமாறுகிறது. அவ்வேலையை எப்போது, எவ்வாறு செய்வது என்று திட்டமாக எழுதிக்கொண்டவர்க்கோ, வேலை முடியாதிருக்கவும் அத்தடுமாற்றம் நீங்கியது என்பது அவர்கள் கண்டது. கைப்பேசி நாழிகைக்கு நாற்பது முறை மணியடிக்கும் இக்காலத்து அலுவலர் மாலையில் எழுமுன், நாளை முதலில் எடுக்கும் கோப்பு இது என்று ஒரு சிறு தாளில் எழுதி மேசைமேல் வைத்துச் செல்வாராயின், அக்கோப்பு அவர் வீட்டுக்கு வராது.

ஒழுங்கு என்பதை வசதிக்காக மட்டும் ஏற்பட்டதெனக் கொள்வாரும் உளர். அவர்க்கு ஒரு துயரத்தை நினைவூட்டல் கடன். 1997-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள், அதே தஞ்சைப் பெருங்கோயிலில், குடமுழுக்குக்கு முன்னர் யாகசாலைப் பந்தல் தீப்பற்றியது. நாற்பதுக்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். குற்றம் யாருடையது என்று ஆராய்வது இங்கு நோக்கமன்று. பந்தலுக்கு வாயில் எத்தனை, அவை அகலமானவையா, நீர் எங்கே நிற்கிறது, அதன் அருகே நிற்பவர் யார், அவர் உணவுக்குச் செல்லும்போது அவ்விடத்தில் நிற்பவர் யார் என்பவை விழாக்குழுவின் பட்டியலில் பூமாலைக்கு முன்னர் இடம்பெற வேண்டியவை. இவ்வூரிலும், இனிக் குடமுழுக்குக் காணும் எவ்வூரிலும், அப்பட்டியலை எழுதுபவர் கையில் பல உயிர்கள் இருக்கின்றன.

இவ்வாறு வகுத்து எழுதிவிட்டால் ஒழுங்கு தானே நடக்குமா? அதற்கும் தஞ்சையே விடை கூறுகிறது. நூற்றாண்டுகள் கழிந்தன. தளிச்சேரி வீடுகள் மறைந்தன. உழக்கு நெய் அளந்த இடையரின் வழியினர் எங்குள்ளார் என்பதை அறிவாரில்லை. எழுத்துகள் அழியவில்லை, அவற்றைப் படிப்பவரே அருகினர். கோயிலை எடுத்தவன் கரிகாலன் என்று தலபுராணம் கூற, மக்கள் அதையே கூறிவந்தனர். எடுத்தவன் பெயரும், கொடுத்தவர் பெயரும், எத்தனையாவது வீட்டில் யார் குடியிருந்தார் என்பதும் அச்சுவரிலேயே இருந்தன. அச்சுவரைச் சுற்றியே வலம் வந்தனர். ஹுல்ஷ் என்னும் செருமானிய அறிஞர் அவற்றைப் படித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியின் முதற்பகுதியாக 1891-இல் வெளியிட்ட பின்னரே உலகம் அவற்றை முழுதும் அறியத் தொடங்கியது. பார்க்கப்படாத பட்டியல் கருங்கல்லில் இருந்தாலும் பயனில்லை. நாள்தோறும் பார்க்கப்படும் பட்டியலுக்குக் கரித்துண்டால் எழுதிய சுவரே போதும். மடைப்பள்ளிச் சுவரில் பரிசாரகர்கள் கரியால் கிழித்துவைக்கும் கோடுகளை எவரும் கல்வெட்டு என்று போற்றுவதில்லை. அன்றாட உணவு அவற்றைக்கொண்டுதான் வேகிறது.

மண்டலாபிஷேகம் முடியும். நாற்பத்தெட்டாம் நாள் இரவு, அர்த்தசாமம் ஆனபின், கணக்கர் அன்றைய சீட்டுகளைக் கம்பியில் குத்தி மாட்டுகிறார். உக்கிராணச் சாவி ஆணிக்கு வந்ததா என்று ஒருமுறை பார்க்கிறார். மறுநாள் படித்தரத்துக்கு அரிசி எத்தனை படி என்பதை மடைப்பள்ளிச் சுவரில் எழுதுகிறார். விளக்கிடுபவர் திரிகளைத் திரித்து அடுக்கி, எண்ணெய் உழக்கைத் துடைத்துக் கொக்கியில் மாட்டுகிறார். தமக்கு முடியாத நாளில் யார் வருவார் என்பதை அவர் இரண்டு கிழமைக்கு முன்னரே சொல்லிவைத்திருக்கிறார். திருக்கதவம் அடைக்கப்படுகிறது.

நாற்பத்தொன்பதாம் நாள் வைகறை. கூட்டம் இல்லை, மேளம் ஒன்றே. இருட்டில் கை நீட்டியவுடன் உழக்கு அகப்படுகிறது. முதல் விளக்கு ஏறுகிறது. கணக்கர் மேசைமுன் அமர்ந்து நேற்றைய வரவைக் கூட்டத் தொடங்குகிறார். பரிசாரகர் குளித்து ஈரத்துணியோடு அவரைக் கடந்து மடைப்பள்ளிக்குள் செல்கிறார். இன்றைக்கு அரிசி எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.